ஆடு நனைகிறதே!

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நம்மில் கேளாதார் இல்லை. ஐப்பசி மாதத்து முதல் மேகம் வானத்தில் திரண்டதும் அந்தப் பழமொழி என் நினைவுக்கு வந்துவிடும். ஏனெனில், எங்கள் வீட்டில் மெய்யாகவே ஆடுகள் இருக்கின்றன. அவை நனையுமே என்று கவலைப்படுகிறவனும் நான்தான். அப்படியானால் ஓநாய் யார் என்று நேயர்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சாத்தூருக்கு அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. அதில் நாங்கள் வளர்ப்பவை கன்னி ஆடுகள். உடம்பு பெரும்பாலும் கறுப்பு, முகத்தில் இரு பக்கமும் வெள்ளைக் கோடு. பாலுக்கும் எருவுக்குமாக வாங்கியதாக வெளியிலே சொல்லிக் கொள்கிறோம். உண்மை என்னவென்றால், வந்த மறுநாளே குழந்தைகள் அவற்றுக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் சூட்டிய பிராணியை யாரால் விற்க முடியும்? ஆகையால், "கசாப்புக்கு ஒரு நாளும் கொடுப்பதில்லை" என்று நானும் ஒரு சங்கற்பம் செய்து கொண்டேன்.

சென்ற வருஷம் தீபாவளிக்கு முன்பு வியாபாரி ஒருவர் வந்தார். "ஐயா, அடைமழை வருது. ஆடு ஈரம் தாங்காது. இப்பவே கொடுத்தா நாலு காசு மிஞ்சும். அப்புறம் கழிஞ்சு செத்துப்போனா யாருக்கு லாபம்?" என்று மிகுந்த இரக்கத்துடன் சொன்னார். பழமொழியின் ஓநாய் இதோ வந்துவிட்டது என்று மனத்துக்குள் சிரித்துக் கொண்டு, அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

மழை பெய்தது. பிறகு வெயில் அடித்தது. வரப்பெங்கும் புல் பச்சைப் பட்டாகத் தளிர்த்தது. "பாவம், நாலைந்து நாள் அடைபட்டுக் கிடந்தவை" என்று ஆடுகளை அந்தப் புல்லிலே அவிழ்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதிகமாகத் தின்றது முத்து என்ற கிடாக்குட்டி. ஐந்து மாதக் குட்டி; என் இளைய மகளின் நிழல். மறுநாள் விடியுமுன் அது விறைத்துக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். "தம்பி, இது துள்ளுமாரி. மழைப் புல்லை வயிறு முட்டத் தின்னா வரும். மழைக்கு முந்தியே ஊசி போட்டிருக்கணும்" என்றார். அந்த நோயின் கிருமி ஆட்டின் குடலிலேயே சாதுவாகக் குடியிருக்கிறதாம். செழிப்பான தீனி திடீரென்று உள்ளே போனதும் அது பெருகி விஷத்தைக் கக்குகிறது. வைத்தியம் செய்ய அவகாசமே கிடைப்பதில்லை.

காந்தியடிகள் நோயுற்றிருந்தபோது, 1919-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆட்டுப்பால் அருந்தச் சம்மதித்த வரலாறு யாவரும் அறிந்ததே. பால் அருந்துவதில்லை என்று விரதம் கொண்டபோது பசுவும் எருமையுமே அவர் மனத்தில் இருந்தன. ஆட்டுப்பாலுக்குத் தடை இல்லையே என்று கஸ்தூரிபா எடுத்துக் கூறினார். அவரும் இசைந்தார். ஆயினும், விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவரை நெடுங்காலம் உறுத்தியது. முத்துவைப் புதைத்த அன்று எனக்கு அது விளங்கிற்று. என் சங்கற்பத்தின் எழுத்துக்குப் பழுதில்லை. நான் ஆட்டை விற்கவில்லை. ஆனால் காக்கவும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் பின்னால் கண்ணீர் விடுகிறவனுக்கும் அந்த ஓநாய்க்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இந்த வருஷம் ஆவணியிலேயே கால்நடை மருந்தகத்துக்குப் போய்விட்டேன். ஊசி போட்டவுடன் பலன் வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊறுவதற்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். முதன்முறை போடும் குட்டிகளுக்குச் சில வாரம் கழித்து மறு ஊசியும் தேவை. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போட்டாயிற்று. அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அதற்குரிய தடுப்பு மருந்தை இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகளே உண்டாக்கினார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

கரிசல் மண் நனைந்தால் பசையாகிவிடும். ஆட்டின் குளம்பு அதில் ஊறி அழுகும். எனவே தரையிலிருந்து உயர்த்திப் பனஞ்சட்டத்தால் பரண் அமைத்தோம். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். வாடைக் காற்று புகாதபடி வடக்கிலும் கிழக்கிலும் பனையோலைத் தட்டி கட்டினோம். இரவில் காய்ந்த கடலைக்கொடி கொடுக்கிறோம். நார்த்தீனி வயிற்றில் புளிக்கும்போது உண்டாகும் சூடு, மார்கழிக் குளிருக்கு உள்ளே மூட்டிய கணப்பாகும். பனி உலரும் முன் புல்லில் விடுவதில்லை. வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின் மீது ஏறி இருக்கும். அகத்தியும் வேம்பும் ஒடித்துக் கட்டித் தொங்கவிடுகிறோம். வாரம் ஒரு முறை ஆட்டின் கீழிமையை விலக்கிப் பார்க்கிறேன். சிவந்திருந்தால் க்ஷேமம், வெளுத்திருந்தால் புழு இரத்தம் குடிக்கிறதென்று அர்த்தம்.

சென்ற வாரம் அதே வியாபாரி மறுபடி வந்தார். பரணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நமக்கு இங்கே வேலை இல்லைங்க" என்று சிரித்தார். இம்முறை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். சென்ற வருஷம் அவர் சொன்னதில் பாதி உண்மைதானே!

இதை எழுதிக் கொண்டிருக்கும்போது வடகிழக்கே இடி முழங்குகிறது. "அப்பா, ஆடு நனையாதே?" என்று இளைய மகள் கேட்கிறாள். "நனையாது, அம்மா" என்றேன். பிறகு சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல், குடையை எடுத்துக் கொண்டு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.