சண்டியர் பூனை



சனிக்கிழமை இரவுகளில் பிரசங்கக் குறிப்பு எழுதும்போது தாளின் ஓரத்தில் பூனை கிறுக்குவது எனது நெடுநாள் வழக்கம். ஒரு வட்டம், இரண்டு முக்கோணங்கள், ஆறு மீசைக் கோடுகள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி அணிந்த பூனை, குடை பிடித்த பூனை, பாடகர் அங்கி தரித்துப் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் பூனை என்று அவை பெருகின. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கவே, மனப்பாட வசனத்தைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பூனை அட்டை என்று வைத்துக்கொண்டோம். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் வீட்டுப் பூனைக்கு இடமில்லை. நம் ஞாயிறு பள்ளியில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

அவற்றுள் பிள்ளைகள் அதிகமாக விரும்பியது ‘சண்டியர் பூனை’. முதுகை வில்லாக வளைத்து, வால் மயிரைச் சிலிர்த்து, பக்கவாட்டில் நின்று முறைக்கும் ஒரு குட்டி. அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

இவ்வாண்டு குருமனையின் பின்னறையில் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு பூனை மூன்று குட்டிகளை ஈன்றது. அத்தனை ஆண்டுகள் பூனை வரைந்தவன், அப்போதுதான் பூனையைப் பார்க்கத் தொடங்கினேன். பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறந்திருப்பதில்லை, செவியும் திறந்திருப்பதில்லை. தாயின் சூட்டையும் வாசனையையும் கொண்டே அது பாலைக் கண்டடைகிறது. ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கிறது. தொடக்கத்தில் எல்லாக் குட்டிகளின் கண்களும் நீலம். பால் குடிக்கும்போது முன்னங்கால்களால் தாயின் மடியை மாறி மாறி அழுத்துகிறது. பால் சுரப்பதற்கு அது உதவுகிறது. தாய் பிடரியைக் கவ்வித் தூக்கியதும், துள்ளிக்கொண்டிருந்த குட்டி தன்னை ஒப்புக்கொடுத்ததுபோல் அசையாமல் தொங்குகிறது.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனபோது, நேரில் பார்த்து வரைய விரும்பி, நோட்டும் பென்சிலுமாகப் பெட்டியின்மேல் குனிந்தேன். சாம்பல் நிறக் குட்டி முதுகை வளைத்து, மயிரைச் சிலிர்த்து, என்னைப் பார்த்துச் சீறியது. என் சண்டியர் பூனையே உயிரோடு நின்றது! நான் சிரித்துக்கொண்டே வரைந்தேன்.

கால்நடை மருத்துவம் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். படத்தைப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

“காதைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அப்பா. நீங்கள் நிமிர்த்தி வரைந்திருக்கிறீர்கள். அது தலையோடு ஒட்ட மடக்கியிருந்தது. கண்மணி விரிந்திருந்தது. விளையாட்டிலும் குட்டிகள் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளும். ஆனால் இப்படிச் சீறாது. இது சண்டித்தனம் இல்லை, அப்பா. பயம். தன்னைப் பெரிதாகக் காட்டினால் நீங்கள் விலகிப் போவீர்கள் என்று நினைக்கிறது.”

காதுகளை அழித்து மடக்கி வரைந்தேன். கண்மணியைப் பெரிதாக்கினேன். நான்கு கோடுகள்தான் மாறின. படத்தில் இருந்த சண்டியர் மறைந்து, நடுங்கும் ஒரு குழந்தை நின்றது. அவ்விடத்தில் என் கை நின்றுவிட்டது.

பிரியமானவர்களே, உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு பள்ளியில், ஜெப வேளையில் கூச்சலிட்டு, அருகிலிருந்தவனைத் தள்ளிவிட்ட ஒரு சிறுவனை எழுப்பி நிறுத்தினேன். சண்டியர் பூனை அட்டையை அவன் கையில் கொடுத்து, “இது உன் படம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது என்று நான் மகிழ்ந்தும் இருந்தேன்.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். அங்கே நான் கண்ட நிலையை எழுதுவது முறையன்று. ஒரு பிள்ளை இரவில் உறங்க அஞ்சுவதற்குப் போதுமான காரணங்கள் அங்கே இருந்தன என்பது மட்டும் போதும். திண்ணையில், அவனுக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்து, “தம்பி, அன்றைக்கு ஐயா செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் தலை நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை. திருத்திய படத்தை அவனருகில் வைத்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து திரும்பினேன்.

குட்டியிடமும் அதையே செய்யும்படி மகள் சொல்லியிருந்தாள்: கை நீட்டாதே, தரையில் உட்கார், கண்களைப் பாதி மூடி மெதுவாக இமை. அப்படி இமைக்கும் மனிதரைப் பூனைகள் நாடி வருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நான்காம் மாலை சாம்பல் குட்டி வந்து என் செருப்பை முகர்ந்தது. நான் அசையவில்லை.

சூரைச்செடியின் கீழ் படுத்திருந்த எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் சிங்கம்போல் நின்றவர், ஒரு பெண்ணின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, சாக விரும்பினார். தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று ஆண்டவர் கேட்டதெல்லாம் பிறகுதான்.

நம் வீட்டிலும் சபையிலும் சீறுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவை அறைந்து சாத்தும் மகன், எதற்கும் எரிந்துவிழும் முதியவர், ஆலோசனைக் கூட்டத்தில் குரல் உயர்த்தும் சகோதரர். எல்லாச் சீற்றமும் அச்சமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டியர் என்று பெயர் எழுதும் முன், காதுகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

சென்ற ஞாயிறு அந்தச் சிறுவன் வந்தான். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தான். முன்னே வரும்படி ஆசிரியை அழைக்க முற்பட்டபோது, வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவன் விரும்பும் நாள் வரையில் அந்த இடம் அவனுடையது.

ஆண்டவரே, நாங்கள் அவசரமாய் வரைந்த முகங்களை அழித்துத் திருத்த எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.