மெட்டல் ஆம்பில் ஒரு தோடி

திங்கள்

ஹை-கெயின் ஆம்ப் என்று கிதார் கலைஞர்கள் வழங்கும் பெருக்கி, தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின் அலையை வால்வுகள் என்னும் வெற்றிடக் குழாய்களின் வழியே அடுத்தடுத்துப் பெருக்கி, வால்வு தாங்காத அளவுக்கு ஏற்றி, அலையின் உச்சியையும் அடியையும் வேண்டுமென்றே வெட்டிவிடும் கருவியாகும். அவ்வெட்டினால் எழும் கரகரப்பே டிஸ்டார்ஷன் எனப்படுகிறது. இக்கருவிகளில் பெரும்பாலும் இடம்பெறும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100 என்பதால், அத்தகைய பெருக்க நிலைகள் மூன்று நான்கு தொடர்ந்து அமையும்போது நேர்வதை ஊகிப்பது கடினமன்று. 1992இல் வந்த பீவி 5150 போன்றவை ஹெவி மெட்டலோடு பிணைந்துவிட்டமையால், வேறெந்த இசைக்கும் இவை ஆகா என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் இவ்வகைக்கு வழிகாட்டிய ரேண்டல் ஸ்மித், 1960களின் இறுதியில் ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் ஆம்பை மாற்றியமைக்கத் தொடங்கியபோது, அவருடைய கைவேலையை விரும்பி ஏற்றவர்களுள் முதன்மையானவர் லத்தீன் தாளங்களோடு வாசித்த கார்லோஸ் சந்தானா. மெட்டல் என்பது பின்னர் ஒட்டிய முத்திரையே.

செவ்வாய்

அலை வெட்டுப்படுவதன் இரண்டாவது விளைவு, கரகரப்பைக் காட்டிலும் கவனத்துக்குரியது. மீட்டிய கணத்தின் வலிய ஒலியும் சற்றுப் பின்னர் எஞ்சும் மெலிந்த ஒலியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வெட்டப்படுவதால், தேய்ந்துபோக வேண்டிய நாதம் பல நொடிகள் தேயாமல் நிற்பதுபோல் கேட்கிறது. இதனைச் சஸ்டெய்ன் என்பர். மீட்டு வாத்தியமாகிய கிதார் இதனால் ஊது வாத்தியத்தின் பக்கம் நகர்கிறது. சாக்ஸஃபோன் வாசிக்கவே விரும்பிய ஆலன் ஹோல்ட்ஸ்வர்த், டிஸ்டார்ஷனின் துணைகொண்டு கிதாரில் மூச்சிசைக்குரிய நீண்ட தொடர்களை அமைத்தது இந்த நகர்வால்தான்.

கர்நாடக இசைக்கு இதன் பயன் தோடி ராகத்தில் நன்கு விளங்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடும் கம்பிதமே அதன் உருவம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தோ, ஃப்ரெட்டுகளின்மேல் விரலை வழுக்கியோ அதனைச் சாதாரண ஆம்பில் வாசிக்கும்போது, இரண்டு மூன்று அசைவுகளுக்குள் நாதம் மெலிந்து மறுபடி மீட்ட நேர்கிறது. ஒவ்வொரு மீட்டும் பிடியை அறுக்கிறது. ஹை-கெயினிலோ ஒரே மீட்டில் காந்தாரம் ஆடி, மத்தியமத்தைத் தொட்டு, சட்ஜத்தில் வந்து அமரும்வரை ஒலி தாங்குகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறியதற்கும் நாதம் நிற்க வேண்டும் என்ற இத்தேவை ஒரு காரணம். அவருடைய ஒலி தெளிந்த ஒலி என்பது வேறு செய்தி. கிதார் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக வெளியிட்ட ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ தொகுப்பில் ராக் கிதாரின் ஒலியையும் கர்நாடகத் தாள வாத்தியங்களையும் ஒன்றுசேர்த்தார்.

இந்தச் சஸ்டெய்னுக்கு விலையும் உண்டு. வீணையில் நாதம் தேயத் தேயக் கமகம் நுண்மையடைகிறது. ஆம்போ வலிவையும் மெலிவையும் சமமாக்கி அந்த நிழலை அழித்துவிடுகிறது. விரல் தந்தியில் உரசும் ஓசைகூட ஸ்வரத்துக்கு நிகராக எழுவதால், வாசிக்காத தந்திகளை வலக்கையின் அடிப்பகுதியால் ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது.

வியாழன்

ஜாஸில் இவ்வகை ஆம்ப் தடுமாறுவதற்குக் காரணம் ஸ்வரக் கூட்டு, அதாவது கார்டு. இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து வெட்டுப்படும்போது, அவற்றின் அதிர்வெண்களையும் அவ்வெண்களின் மடங்குகளையும் கூட்டியும் கழித்தும் பெறப்படும் புதிய ஒலிகள் தோன்றுகின்றன. 110 ஹெர்ட்ஸ் சட்ஜத்தோடு 165 ஹெர்ட்ஸ் பஞ்சமம் சேர்ந்தால் வேறுபாடு 55, அதாவது கீழ் ஸ்தாயிச் சட்ஜம். மெட்டலில் சட்ஜ-பஞ்சமம் மலைபோல் ஒலிப்பதன் மர்மம் இதுவே. பஞ்சமத்துக்குப் பதிலாக 138.6 ஹெர்ட்ஸ் அந்தர காந்தாரத்தை வைத்தால், 28.6, 81.4 என்று எந்த ஸ்வரத்திலும் சரியாக அமராத உறுமல்கள் எழுந்து கூட்டு சேறாகிறது. ஒற்றை இழையாக நடக்கும் ராக இசையில் இச்சிக்கல் தலைகாட்டுவதே இல்லை. ஜாஸ் கார்டுகளில் அஞ்சப்படும் கருவியை ஆலாபனையில் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

சனி

டிஸ்டார்ஷனைக் கட்டுப்படுத்த, புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் ஆம்பிலுள்ள கெயின் குமிழையே திருகுகின்றனர். உண்மையில் கை செல்ல வேண்டிய இடம் கிதாரின் வால்யூம் குமிழ். அதனைப் பாதிக்குக் கீழே இறக்கினால் முதல் வால்வுக்குச் செல்லும் அலை சிறுத்து, அதே ஆம்ப் ஏறக்குறையத் தெளிந்த ஒலி தருகிறது. கழுத்துப் பக்கப் பிக்கப்பைத் தேர்ந்து டோன் குமிழையும் இறக்கினால், ஒலி கிளாரினெட்டை நெருங்குகிறது. இருபுறமும் சமமாக வெட்டப்பட்ட அலையில் ஒற்றைப்படை மேலொலிகளே ஓங்கியிருப்பதும், கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலும் அவையே ஓங்கியிருப்பதும் இதற்குக் காரணம்.

கச்சேரி மேடையில் கவனிக்க வேண்டியவை வேறு. கிதாருக்குரிய 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை மழுக்கிவிடுவதால்தான் டிஸ்டார்ஷன் கேட்கத் தகுந்ததாகிறது. அதனை விடுத்து நேரே சபாவின் மிக்ஸரில் இணைத்தால் குளவி இரைச்சலே மிஞ்சும். வாசிக்காத இடைவெளிகளில் ஆம்பின் சீறலை அடக்கும் நாய்ஸ் கேட் என்னும் கருவி, தேயும் நாதத்தின் நுனியையும் சேர்த்துத் துண்டிப்பதால், ஆலாபனையில் அதனை அணைத்து வைத்து, சீறலைத் தம்புராவின் ஒலியில் கரையவிடுவதே மேல். தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் ஆம்பின் ஒலியை முழுவதும் அடக்கிவிட வேண்டும். மிருதங்க வித்வான் அந்தச் சீறலைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவுமில்லை.