வரிசையில் யார் முன்னால்?

நெட் திணறினால் உடனே பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். பல வீடுகளில் கோளாறு வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. டிசிபி, பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடமோ எதையும் தொலைக்க மனசில்லாமல் சேர்த்துச் சேர்த்து வைக்கும். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 எம்பி தேங்கினால், பின்னால் வரும் குரல் பாக்கெட் 0.8 விநாடி நிற்க வேண்டும். ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்பிளோட்’ என்று பேர் வைத்தார்.

எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமைகளில் வரும். தோஹாவிலிருந்து அண்ணன் அழைக்கிற நேரத்தில் தங்கையின் போன் வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அம்மா பேசுவது அவனுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும். “சரிம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவான். அப்புறம் என்றால் அடுத்த வெள்ளி.

மோடத்தின் வரிசை நம் கையில் இல்லை. அதனால் ரவுட்டரில் அப்லோடை 9 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டினேன். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்ததும் வரிசை ரவுட்டருக்கு இடம் மாறியது. அங்கே நாம் வைத்ததுதான் சட்டம். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல், காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேலேயே நீடித்தால் பாக்கெட்டைத் தூக்கிப்போடும், அனுப்புகிறவர் நிதானிப்பார். அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல், ஒவ்வொரு ஓட்டத்தையும் பிரித்து, கொஞ்சமாக அனுப்புவதை முன்னால் விடும். வீடியோ சற்றுத் தாமதமாக ஏறுகிறது, தங்கைக்கு அது தெரியக்கூட இல்லை.

சத்தமாகப் பேசுகிறவர்களுக்கே வழிவிட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. கொஞ்சமாகப் பேசுகிறவர் முதலில் போகட்டும் என்ற விதி இங்கே ரவுட்டரில் மட்டும்தான் இருக்கிறது.