நாம் ஏறாவிடினும் ஓடும் கப்பல்

கலியாணத்துக்கு வரன் தேடுகிறவர்களுக்கு ஜாதகம் என்று ஒன்று இருக்கிறது. நாலு பேரிடம் விசாரிக்கலாம். குலம் கோத்திரம் கேட்கலாம். உல்லாசப் பிரயாணத்துக்குக் கப்பல் தேடுகிறவர்களுக்கோ அப்படிப்பட்ட ஆதாரம் எதுவும் கிடையாது. எந்தக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தாலும் அதே அஸ்தமன சூரியன், அதே கம்பிக் கிராதி, அதன்மீது சாய்ந்தபடி அதே தம்பதிகள்! பெயரை மறைத்துவிட்டால் எது எவருடைய கப்பல் என்று கம்பெனிக்காரர்களாலேயே சொல்ல முடியாது.

ஆனால் நாற்பது வயதைக் கடந்த தம்பதிகளுக்கு இந்தத் தேர்வு விளையாட்டான காரியம் அல்ல. செலவாகப் போவது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். குழந்தை குட்டிகளின் கவலையின்றி இருவரும் சேர்ந்தாற்போல் இருக்கக் கிடைப்பதோ சில நாட்கள். அவை வீணாகப் போனால் மறுபடி எப்பொழுது வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. நான் மேஜைமீது பரப்பியிருந்த காகிதங்களை யெல்லாம் ஒருநாள் என் மனைவி நிதானமாகப் பார்த்தாள்.

"நாம் ஏறாவிட்டால் இந்தக் கப்பல்களெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டாள்.

"எங்கும் போகா. நம்மைப் போன்றவர்கள் ஏறுவதற்காகத்தானே அவை புறப்படுகின்றன?" என்றேன்.

"அப்படியானால், யாருக்காவது உபயோகமாகப் போகிற கப்பல் ஒன்றுகூட உலகத்தில் இல்லையா? இருந்தால் அதில் நமக்கு இடம் கொடுக்க மாட்டார்களா?"

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, குழம்பிக் கிடந்த விஷயம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது.

இன்றைய உல்லாசக் கப்பல்களின் அளவு வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. 2024-ம் வருஷம் அமெரிக்காவின் மையாமி துறைமுகத்திலிருந்து புறப்படத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி ஸீஸ்' என்னும் கப்பலுக்கு இருபது தளங்கள். ஏழு நீச்சல் குளங்கள். முழுவதும் நிரம்பினால் பிரயாணிகள் மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். நம் தாலூகா ஊர் ஒன்றையே பெயர்த்தெடுத்து மிதக்கவிட்டது போன்ற அந்தக் காட்சியைக் குறைகூற நான் வரவில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், ஆடல் பாடல்களில் பொழுதுபோக்க விரும்புகிறவர்களுக்கும் அது பொருத்தமானதே. ஆனால் அத்தகைய கப்பலில் பார்ப்பதற்குரிய பொருள் கப்பலேதான். கடல் அதற்குத் திரைச்சீலை. வழியில் வரும் ஊர்கள் கடைவீதிகள்.

வேறு ஜாதிக் கப்பலைக் காண வேண்டுமானால் ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்துக்குப் போகவேண்டும். நார்வே தேசத்தின் படத்தைப் பாருங்கள். உடலெல்லாம் மலை; கரையெல்லாம் கிழிசல். அந்தக் கிழிசல்களின் வழியாகக் கடல் பல மைல் தூரம் மலைகளுக்கிடையே புகுந்து நிற்கிறது. 'பியோர்டு' என்று அவற்றைச் சொல்கிறார்கள். கரைக்கு எதிரே ஆயிரக்கணக்கான தீவுகள். இப்படிப்பட்ட நாட்டில் சாலை போடுவது எளிதன்று. அடுத்த ஊரிலிருக்கும் மகளைப் பார்க்கவும், வைத்தியரிடம் போகவும், பிடித்த மீனை விற்கவும் அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையே நம்பி வாழ்ந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டின் நடுவிலுள்ள ட்ரொண்ட்ஹைம் நகரத்திலிருந்து வடகோடியிலுள்ள ஹாம்மர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர, கோடையில் மூன்று வாரமும் மாரியில் ஐந்து மாதமும் ஆகும் என்று சொல்வதுண்டு. மகன் இறந்த செய்தி தாய்க்கு ஐந்து மாதம் கழித்துக் கிட்டும் தேசத்தை ஒரே தேசம் என்று எப்படிச் சொல்வது? இக்குறையைப் போக்க வருஷம் முழுவதும் ஓடும் விரைவுக் கப்பல் வேண்டும் என்று 1891-ல் அரசாங்கத்தின் நீராவிக் கப்பல் ஆலோசகர் ஆகஸ்ட் கிரான் யோசனை சொன்னார். பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. மாரிக்காலத்து இருட்டில், சரியான கடற்படங்களும் போதிய கலங்கரை விளக்கங்களும் இல்லாத பாறைக் கடலில், இரவில் கப்பல் விடுவது நடக்கிற காரியமா என்றன.

ஸ்டொக்மார்க்னெஸ் என்னும் சிற்றூரிலிருந்து சிறிய கம்பெனி ஒன்றை நடத்திவந்த ரிச்சர்டு வித் என்னும் கப்பல் தலைவர் மட்டும் நடக்கும் என்றார். அவரும், வழிகாட்டும் மாலுமியான அவருடைய நண்பர் ஆண்டர்ஸ் ஹோல்ட்டும், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் எத்தனை நிமிஷம் ஓடினால் எந்தப் பாறையைத் தாண்டலாம் என்று பல காலமாகக் குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டியும் கடிகாரமும் அந்தக் குறிப்புப் புத்தகமுமே அவர்களுக்குக் கண்கள். 1893-ம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி 'வெஸ்டரோலன்' என்னும் கப்பல் ட்ரொண்ட்ஹைமிலிருந்து புறப்பட்டு மூன்று நாளுக்குள் ஹாம்மர்பெஸ்டை அடைந்தது. 'ஹூர்ட்டிக்ரூட்டன்' என்று அத்தடத்துக்குப் பெயர் வந்தது. 'விரைவு வழி' என்பது பொருள்.

அந்நாளில் நார்வேக்குச் சொந்த அரசர் கிடையாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். 1814 வரையில் டென்மார்க்கு அரசரின் கீழும், பிறகு 1905 வரையில் ஸ்வீடன் அரசரின் கீழும் இருந்த தேசம் அது. தனி முடி கிடைப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே நாட்டின் நடுப்பகுதியையும் வடகோடியையும் ஒரே நூலில் கோத்தது அந்தத் தபால் கப்பல். கப்பலோட்டிய தமிழரின் சரித்திரம் அறிந்த நம் வாசகர்களுக்கு, சொந்தக் கப்பல் என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியதில்லை.

இப்பொழுது அத்தடம் தெற்கே பெர்கனில் தொடங்கி வடக்கே ருஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனெஸில் முடிகிறது. முப்பத்து நான்கு துறைகள். போய்வரப் பன்னிரண்டு நாள். தூரம் சுமார் 2,500 கடல் மைல். 2021 முதல் இரண்டு கம்பெனிகள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இத்தடத்தை நடத்துகின்றன. பழைய ஹூர்ட்டிக்ரூட்டன் கம்பெனிக்கு ஏழு கப்பல். ஹவிலா என்னும் புதிய கம்பெனிக்கு நான்கு. பதினொன்றும் முறைவைத்து ஓடுகின்றன. நம் ஊர்களில் பஸ் முதலாளிகள் இருவர் ஒரே பாதையில் வண்டி விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவரை ஒருவர் முந்தும் போட்டி மட்டும் கிடையாது. எந்த நாளில் புறப்படுகிறீர்களோ அந்த நாளுக்குரிய கப்பலே உங்கள் கப்பல்.

அப்படியானால் இரண்டில் எது நல்லது? ஹவிலாவின் கப்பல்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஓடத் தொடங்கியவை. திரவமாக்கிய இயற்கை வாயுவில் இயங்குகின்றன. பெரிய மின்கலங்களும் உண்டு. அவற்றைக் கொண்டு நான்கு மணி நேரம் வரையில் புகையும் ஓசையுமின்றிச் செல்லக்கூடும். கைராங்கர் பியோர்டின் செங்குத்தான மலைகளுக்கிடையே கப்பல் மௌனமாகப் போகும்போது அருவியின் ஓசை மட்டும் காதில் விழுவது பெரிய பாக்கியந்தான். பழைய கம்பெனியின் கப்பல்கள் பெரும்பாலும் 1990-களில் கட்டியவை. சிலவற்றில் பின்னர் மின்கலம் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றில் மரவேலையும் ஓவியங்களும் பழைய வீட்டின் இணக்கத்தைத் தருகின்றன. ஆனால் சில அறைகளில் இரண்டு படுக்கைகளும் சுவருக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். தம்பதிகள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். மற்றபடி அதே கடல், அதே துறைகள், அதே கடமை. பதினொன்றில் எதில் ஏறினாலும் பெரிய நஷ்டமில்லை.

பெர்கனில் இரவில் ஏறினோம். மறுநாள் ஓலெசுண்ட். 1904-ம் வருஷம் ஜனவரியில் ஒரே இரவில் வெந்து சாம்பலான ஊர் அது. பிறகு சில ஆண்டுகளில் கல்லாலும் செங்கல்லாலும் ஒரே பாணியில் கட்டி எழுப்பினார்கள். கோபுரமும் வளைவுமாகச் சித்திரம்போல் நிற்கிறது. ட்ரொண்ட்ஹைமில் புராதனமான நிடரோஸ் தேவாலயத்தைப் பார்க்கப் பொழுது கிடைத்தது. அதற்கு வடக்கே, சிறு பாறைத் தீவு ஒன்றின்மீது உலக உருண்டையைப் போன்ற சின்னம் ஒன்று நிற்கிறது. அதுதான் வடதுருவ வட்டத்தின் அடையாளம். அதைக் கடந்ததும் மேல்தளத்தில் சடங்கு ஒன்று நடக்கிறது. விரும்பி முன்வருகிறவர்களின் கழுத்துக்குள் பனிக்கட்டியைப் போடுகிறார்கள். என் மனைவி முன்வந்தாள்; நான் சாட்சியாக நின்றேன்.

லொபோட்டன் தீவுகளில் மலை கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது. அதன் அடியில் மரச்சட்டங்களில் 'காட்' மீனைக் கட்டித் தொங்கவிட்டு, உப்பே சேர்க்காமல் குளிர்காற்றில் உலர்த்துகிறார்கள். பல நூற்றாண்டுகளாக அத்தேசத்துக்குச் சோறு போட்ட வியாபாரம் அது.

ஆனால் இவற்றைவிட என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொன்று. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். கப்பல் சிறிய துறை ஒன்றை அணைந்த அதிர்ச்சியில் விழித்து இருவரும் மேல்தளத்துக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரு கிடங்கு, ஒரு விளக்கு. கப்பலின் பக்கக் கதவு திறந்தது. மீன் பெட்டிகள் உள்ளே போயின. துணி துவைக்கும் யந்திரம் ஒன்றும் டயர்கள் சிலவும் இறங்கின. வாத்தியப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்ட ஒரு பள்ளிச் சிறுமி, தந்தையிடம் விடைபெற்று அவசரமின்றி ஏறி வந்தாள். கால்மணி நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கரையில் நின்ற தகப்பனார் ஒருமுறை கையை உயர்த்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்றவர்களுடைய வாழ்க்கையின் நடுவே விருந்தாளியாக நிற்பதிலுள்ள இன்பத்தை அன்று உணர்ந்தோம்.

வடக்கே போகப் போக மரங்கள் குறைகின்றன. ட்ரோம்ஸோவுக்கு அப்பாலுள்ள ஹாம்மர்பெஸ்டில் பழைய கட்டிடம் எதையும் காணோம். 1944-ம் வருஷ இறுதியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அப்பிரதேசம் முழுவதையும் எரித்துச் சென்றது. ஹாம்மர்பெஸ்டில் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றே. யுத்த காலத்தில் இத்தடத்துக் கப்பல்கள் பல மூழ்கின. பிரயாணிகளும் மாலுமிகளுமாகப் பலர் மாண்டார்கள். அப்படியும் அந்தத் தடம் அழியவில்லை. ஹோனிங்ஸ்வோகில் இறங்கி, 307 மீட்டர் உயரமுள்ள வடமுனைப் பாறையின்மேல் நின்று பார்த்தால், எதிரே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன், ஜூலையில் வடபகுதியில் சூரியன் அஸ்தமிப்பதில்லை, மார்கழியில் உதிப்பதில்லை. பின்னதில் குளிரும் இருட்டும் உண்டு. ஆனால் வானம் தெளிந்தால் துருவ ஒளி பச்சைப் பட்டுப்போல் அசைவதைக் காணலாம். தடத்தின் பெரும்பகுதி தீவுகளின் மறைவில் செல்கிறது; திறந்த கடலைக் கடக்கும் சில இடங்களில் மட்டும் வயிறு புரளும். சாகபக்ஷணிகள் முன்னதாகவே எழுதித் தெரிவித்துவிட வேண்டும். பகலில் போகும்போது கண்ட துறைகள் திரும்பும்போது இரவில் வரும். இரவில் தவறவிட்டவை பகலில் வரும். ஆகையால் பணமும் பொழுதும் இருந்தால் இருவழியும் போவதே உத்தமம். கப்பல் எவருக்காகவும் காத்திராது. கடைவீதியில் தாமதித்தவர் அடுத்த துறைக்குச் சாலை வழியே துரத்திப் பிடிக்க வேண்டியதுதான். இரவெல்லாம் அசையாமல் தூங்க விரும்புகிறவர்கள், நடனமும் நாடகமும் வேண்டுகிறவர்கள் இங்கே வரவேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்பொழுது நார்வேயில் சாலைகளும் பாலங்களும் விமானங்களும் வந்துவிட்டன. கப்பலில் ஏறும் உள்ளூர் ஜனங்கள் முன்போல் இல்லை; அறைகளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வெளியார். அவ்வாறாயின் இதுவும் வேஷம் மாறிய உல்லாசக் கப்பல்தானோ என்ற சந்தேகம் எனக்கும் எழுந்தது. அதற்கு விடை 2020-ம் வருஷத்தில் கிடைத்தது. கொரோனா நோய் பரவி, வெளியார் வருகை நின்ற அந்த வசந்த காலத்தில் உலகத்தின் உல்லாசக் கப்பல்களெல்லாம் நங்கூரம் பாய்ச்சி நின்றன. இத்தடத்திலும் பெரும்பாலான கப்பல்கள் நின்றன. ஆனால் இரண்டு கப்பல்கள் மட்டும் அரசாங்கத்தின் சம்மதத்தோடு, சரக்கையும் உள்ளூர் ஜனங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. அவற்றில் ஒன்றின் பெயர் 'வெஸ்டரோலன்'. மற்றொன்றின் பெயர் 'ரிச்சர்டு வித்'.

இதைச் சொன்னபோது என் மனைவி, "அப்படியானால் இதற்குக் கொடுத்த பணம் வீணில்லை" என்றாள். அவளுடைய கேள்வியையே வாசகர்களும் விளம்பரப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம். இல்லை யென்று விடை வந்தாலும் பிரயாணம் போகலாம், தவறில்லை. ஆம் என்று விடை வருகிற கப்பலில், தம்பதிகளுக்குப் பேசிக்கொள்வதற்கு விஷயம் குறைவதில்லை.