அரியமங்கலத்து மயில் மகள்

திருச்சிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும். "மலைக்கோட்டை ஏறினாயா, ஸ்ரீரங்கத்தில் கூட்டமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கோ திருச்சி என்றால் அரியமங்கலம்தான். என் அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது!

தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது அரியமங்கலம். காலையில் அரிசி மில்களிலிருந்து நெல் அவிக்கும் வாசனை வரும். காற்று திசை மாறினால் வேறு 'வாசனை'யும் வரும். நகரத்துக் குப்பையெல்லாம் பல வருஷங்களாக மலை மலையாகக் கொட்டிய இடம் அல்லவா! அந்தப் பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து அகற்ற ஆரம்பித்த பிறகுதான் சுற்றுவட்டார ஜனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சுற்றுலாப் பயணிகள் யாரும் தேடி வரும் ஊர் இல்லை இது.

அப்படிப்பட்ட ஊரில், போன மே மாதம் குழந்தைகளோடு லீவுக்குப் போயிருந்தபோது, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம். என் சின்னவன் பயந்து போய் என்னைக் கட்டிக் கொண்டான். ஜன்னலைத் திறந்தால், காம்பவுண்டு சுவரின் மேல் தோகை தரையைத் தொட ஓர் ஆண் மயில்!

"அக்கா, ஓடி வா! மயில்!" என்று கத்தினேன்.

அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை. "அது தினம் வரும். நீங்க பாருங்க" என்றாள். குரல் என்னவோ போல் இருந்தது.

சாயங்காலம் முருங்கைக் கீரை ஆய்ந்து கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "ஏன்க்கா, மயில்னா உனக்கு ஆகாதா?"

"ஆகாதாவா? நான் ஒரு மயிலை வளர்த்து அனுப்பினவடி!" என்றாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. தப்புப் பண்ணிவிட்டோம் என்ற கூச்சத்தில் பிறந்த வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறாள்!

மில்லுக்குப் பின்னால் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த ஒரு மனையை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்தார்களாம். மயில் மரத்தில் கூடு கட்டாது. புதரடியில் தரையைச் சற்றே குழித்து முட்டையிடும். அங்கே ஐந்து முட்டை. இரண்டு நசுங்கிவிட்டன. தாய் மயில் பறந்தது பறந்ததுதான், திரும்ப வரவில்லை. மூட்டை தூக்கும் ஒருவர் மீதி மூன்றையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "அம்மா, உங்க வீட்டுல அடைக்கோழி இருக்கே?" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

கோழி முட்டை பொரிய 21 நாள். மயில் முட்டைக்குச் சுமார் 28 நாள் வேண்டும். "21 நாள் ஆச்சு, கோழி எழுந்துடும்னு பயந்தேன். அது எழுந்திருக்கவே இல்லைடி! பக்கத்திலேயே தீனியும் தண்ணியும் வைச்சேன். ஒரு வாரம் கூடவே உட்கார்ந்து பொரிச்சுது. அது என்ன கணக்கா பார்த்துது?" என்று சொல்லும்போது அக்காவின் கண்கள் மின்னின. ஒன்று கூழ்முட்டை. இரண்டு குஞ்சுகள் வந்தன.

வந்த பிறகுதான் சிரமமே. கோழிக் குஞ்சு பிறந்த அன்றே தாய் கிளறிப் போட்டதைத் தரையில் கொத்தித் தின்னும். மயில் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தாய் தன் அலகிலேயே எடுத்துக் காட்டி ஊட்ட வேண்டும். இந்தக் கோழித் தாய்க்கு அது தெரியவில்லை. குஞ்சுகளோ அதன் அலகையே அண்ணாந்து பார்த்துக் கொண்டு நின்றன. அக்காதான் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, கரையான் பொறுக்கி, விரல் நுனியில் வைத்து ஊட்டியிருக்கிறாள். ராத்திரியில் ஒரு பல்பைப் போட்டு, அட்டைப் பெட்டியில் தன் பழைய நூல் புடவையைப் போர்த்தியிருக்கிறாள்.

ஒரு மாதத்தில் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு, மஞ்சளாகக் கழிந்தது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடினாள். கோழிகள் புழங்கும் மண்ணில் ஒரு நுண்கிருமி இருக்கும். கோழிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மயில் குஞ்சின் ஈரலையே தின்றுவிடும். அடைகாத்துப் பொரித்த தாயின் காலடி மண்ணிலிருந்தே நோய்! அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இது மயில் குஞ்சும்மா. வீட்டில் வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிடுங்க."

சகோதரிகளே, இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். மயிலை நம் தேசியப் பறவையாக அறிவித்தது 1963-ல். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில், புலி யானைகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. பிடிப்பதும், வளர்ப்பதும், முட்டையை எடுப்பதும் குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. மயில் தானாக உதிர்த்த இறகைப் பொறுக்கி வைத்துக் கொள்ளலாம், அவ்வளவுதான். 'வெளிநாட்டில் வளர்க்கிறார்களே!' என்று கேட்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் தீராத நோயோடு தாயார் வீட்டுப் பண்ணையில் இருந்தபோது மயில்களை மந்தையாக வளர்த்தார். அது பற்றி 1961-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் அங்கே அது வாத்து, வான்கோழி மாதிரி வாங்கி வளர்க்கும் பறவை. இங்கே அது காட்டின் பிள்ளை.

அக்கா சொன்னாளா வனத்துறைக்கு? சொல்லவில்லை! "இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும், இன்னும் கொஞ்சம்னு நாளைக் கடத்தினேன். எனக்கு மனசு வரலைடி" என்றாள்.

நோய்க்குப் பயந்து மிஞ்சிய குஞ்சைக் கோழியிடமிருந்து பிரித்துவிட்டாள். அதற்கு அப்புறம் உலகத்தில் அக்காவைத் தவிர வேறு யார்? வள்ளி என்று பெயர் வைத்தாள். இரண்டு வாரத்திலேயே சிறகடித்து எழும்பத் தெரிந்த குஞ்சு, மூன்றாம் மாதம் முருங்கை மரத்தில் ஏறித் தூங்கியது. துணி உலர்த்தும்போது பின்னாலேயே நடக்கும். அக்கா பூஜை செய்தால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். அத்தான் சத்தம் போட்டுப் பேசினால் நடுவில் வந்து நிற்கும்! அக்கா ஒரு கல்யாணத்துக்குக்கூட ராத்தங்கிப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் படிக்கப் போன வருஷம் அது. வீடு வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில் வள்ளி வந்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கேட்கக் கேட்க எனக்கு வேறொரு மயில் ஞாபகம் வந்தது. விலங்குகளின் பழக்க வழக்கங்களை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் எழுதியிருக்கிறார். வியன்னா மிருகக்காட்சி சாலையில் குளிரில் பிழைத்த ஒரே ஒரு மயில் குஞ்சை, கதகதப்புக்காகப் பெரிய ஆமைகள் இருந்த அறையில் விட்டார்களாம். வளர்ந்த பிறகு அந்த மயில், ஆமைகளின் முன்னால்தான் தோகை விரித்து ஆடியதாம்! எத்தனை அழகான பெண் மயில் வந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். படிக்கும்போது சிரித்தேன். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வள்ளிக்கும் தான் மயில் என்று தெரியாது.

பத்து மாதம் ஆனது. ஒரு மத்தியானம் தெருவில் போன யாரோ ஒருவன் "வா, வா" என்று கையை நீட்டியிருக்கிறான். வள்ளி சுவரிலிருந்து இறங்கி நேராக அவனிடமே போய்விட்டது! அவன் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நடந்துவிட்டான். எதிர் வீட்டுப் பாயம்மா மாடியிலிருந்து போட்ட கூச்சலில்தான் விட்டுவிட்டு ஓடினான்.

"அன்னிக்கு ராத்திரி தூங்கலைடி. காட்டு மயில் மனுஷனைக் கண்டா ஓடும், நாயைக் கண்டா பறக்கும். என் மயிலுக்குப் பயமே தெரியலை. அன்பு ஊட்டினேன், பயத்தை ஊட்டலை. நாளைக்கு எவன் கையிலோ சட்டிக்குப் போனா, அது யார் பண்ணின பாவம்?"

மறுநாள் அக்காவே வனத்துறைக்குப் போன் செய்தாள். வந்தவர்கள் கண்டித்தார்கள், எழுதி வாங்கிக் கொண்டார்கள். கொஞ்ச நாள் மனிதர் முகம் அதிகம் காட்டாமல் வைத்திருந்து, தானாக இரை தேடப் பழக்கி, காட்டில் விடுவதாகச் சொன்னார்கள். எந்தக் காடு என்று மட்டும் சொல்லவில்லை. "நீங்க தேடிக்கிட்டு வருவீங்கம்மா, வேணாம்" என்றாராம் ஒருவர். கூண்டில் ஏற மறுத்த வள்ளியை அக்காவே தூக்கி உள்ளே வைத்தாள். அதற்குப் பிறகு மயில் இருக்கும் பக்கமே அவள் போவதில்லை.

நான் விடவில்லை. "நாளைக்கு விராலிமலை போறோம்" என்றேன். முணுமுணுத்தாள். அத்தானும் என் பக்கம் சேரவே, கிளம்பினாள்.

திருச்சியிலிருந்து மதுரை சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். பஞ்சப்பூர் பேருந்து நிலையத்திலிருந்து பஸ். புதுக்கோட்டை மாவட்டம் அது. பாறைக் குன்றின் மேல் முருகன், மயில் மீது ஆறுமுகத்தோடு, வள்ளி தெய்வானை சமேதராக. சுவாமிக்குச் சுருட்டு வைத்துப் படைக்கும் வழக்கம் உள்ள கோயில் இது! சதிர் ஆட்டத்துக்கும் பேர் போன ஊர். இங்கே ஆடிய முத்துக்கண்ணம்மாள் 2022-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

படியேறும்போது சின்னவன், "பெரியம்மா, பேகன்னு ஒரு ராஜா மயிலுக்குப் போர்வை குடுத்தாராமே, அதுக்குத்தான் இறகு இருக்கே?" என்றான். கடையெழு வள்ளல்களில் ஒருவர் பேகன். அக்கா நின்றாள். "நானும் பேகன்தாண்டா. எனக்குக் குளிர்ந்தா அதுக்கும் குளிரும்னு நினைச்சுட்டேன்" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.

வெயில் தணிந்த நேரம். குன்றைச் சுற்றிப் பாறையும் புதருமாக இருக்கிறது. அங்கே மயில்கள் யார் வளர்ப்புமில்லாமல் தம் பாட்டுக்குத் திரிகின்றன. கீழே ஒரு பாறை மேல் ஓர் ஆண் மயில் தோகையை விரித்துச் சிலிர்த்தது. நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்கள்தான் இதற்கு முக்கிய பருவம். ஆகஸ்டு வாக்கில் தோகை உதிர ஆரம்பித்துவிடும். குழந்தைகள் அதையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். அக்கா பார்த்தது வேறு. சற்றுத் தள்ளிப் புதரோரம், தோகையில்லாத மண் நிறப் பெண் மயில்கள் நாலைந்து மேய்ந்து கொண்டிருந்தன.

அக்கா படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, "வள்ளீ..." என்றாள்.

நான் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தேன். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தடவை, சற்று உரக்கக் கூப்பிட்டாள். இந்தத் தடவை எல்லாம் விருட்டென்று புதருக்குள் ஓடி மறைந்தன.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். "நல்லவேளைடி. ஒண்ணும் வரலை" என்றாள். சிரித்தாள்.

நம் வீட்டுப் பக்கமும் இப்போது மயில்கள் வருகின்றன. நாற்றையும் தானியத்தையும் தின்கிறது என்று விவசாயிகள் புலம்புவதும் நியாயம்தான். வாசலுக்கு வந்தால் நாம் செய்ய வேண்டியது கொஞ்சமே. கோடையில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். உப்பும் எண்ணெயும் கலந்த மிச்ச சாதம் போடாதீர்கள். ஆண் மயிலின் காலில் கூரான முள் உண்டு. சின்னக் குழந்தைகளை அருகே விடாதீர்கள். செத்த பறவையைக் கையால் தொட வேண்டாம். தனியாக நிற்கும் குஞ்சைக் கண்டால் உடனே தூக்காதீர்கள், தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கையில் கொண்டு வந்து ஊட்டி வளர்த்தால், பிறகு பிரிவது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

மறுநாள் விடியற்காலை அதே சத்தம். எழுந்து பார்த்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். சுவரோரம் மண் சட்டியில் புதுத் தண்ணீர் தளும்பியது. மயில் இறங்கி வந்து குடித்தது. அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். மயில் சட்டென்று பறந்து மில் கூரைக்குப் போய்விட்டது.

"அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, காபி கலக்க உள்ளே போனாள்.