ஒரு பெட்டியில் அடங்காத முகவரி

நிறுவனமொன்றுக்குத் தகவல் முறைமை அமைக்கப் பெரிதும் இரண்டு வழிகள். தேவைகளை முழுவதும் எழுதி, ஒப்பம் வாங்கிய பின் கட்டுவது ஒன்று. சிறு பகுதியைக் கட்டிப் பாவிப்பவரிடம் கொடுத்து, அவர் சொல்லச் சொல்லத் திருத்துவது மற்றது. எந்த வழி பொருந்தும் என்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல், அந்த வேலையின் விதிகள் எவ்வளவு உறுதியானவை என்பதே.

கீரிமலைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றுக்கு வேலை செய்தபோது இரண்டும் தேவைப்பட்டன. சேமிப்பு வட்டி, கடன் தவணை, கணக்காய்வு ஆகியவற்றுக்கு உபவிதிகள் உண்டு. ஆண்டு நடுவில் மாறுவதில்லை. அந்தப் பகுதியை முழுக்க எழுதிவிட்டே கட்டினோம்.

உறுப்பினர் பதிவு அப்படியல்ல. உறுப்பினர்கள், கீரிமலை அடங்கும் வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு இராணுவம் வைத்திருந்த காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியவர்கள். படிவத்தில் முகவரிக்கு ஒரே பெட்டி. எழுதுவினைஞர் அம்மா கேட்டார்: “பிள்ளை, காணி கீரிமலையில, பதிவு மல்லாகத்தில, இருக்கிறது சுன்னாகத்தில. எதை எழுதட்டும்?”

அவருடைய பழைய கொப்பியில் மூன்றும் இருந்தன. தவணைக் கடிதம் போக வேண்டியது இருக்கும் இடத்துக்கு. பிணைக்குப் பார்க்க வேண்டியது காணி. ஆகவே வெறும் திரையொன்றைச் செய்து அவரிடம் கொடுத்தோம். அடங்காத குடும்பங்களை அவர் குறித்துவைக்க, நாங்கள் திருத்தினோம். ஒவ்வொரு முகவரிக்கும் அதன் பயனும் திகதியும் சேர்ந்தன. பாட்டன் பெயரில் பிரிபடாமல் கிடக்கும் காணி உறுதிகளுக்கும் இடம் வந்தது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் படிப்படியாகக் கட்டும் முதல் வழியை 1970-இல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ரோய்ஸே, சோதனையைக் கடைசிக்கு விடுவது ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்தார். மற்ற வழிக்கு எடுத்துக்காட்டாக, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய, இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை அவசரமாக எழுதினார்கள். தேவைகளை முழுதாக எழுதி முடிக்க அங்கே அவகாசமில்லை. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

இரு வழிகளைக் கலந்தால் அவை சந்திக்கும் இடத்தை முதலில் உறுதியாக்க வேண்டும். எங்களுக்கு அது உறுப்பினர் இலக்கம். கணக்கும் பதிவும் அதில்தான் இணைகின்றன. முகவரி எத்தனை மாறினாலும் அது மாறக்கூடாது.

இன்னொன்று: திருத்தித் திருத்திக் கட்டுவதென்றால் பாவிப்பவரின் நேரம் வேண்டும். வழமையான வேலைக்கு மேல் அதையும் அவர் தலையில் சுமத்துவது அநியாயம். அந்த நேரத்தை நிருவாகம் அலுவலக நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்திலேயே அதை எழுத வேண்டும்.