பதினேழாம் எண் பெட்டி

எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் முப்பது சின்னஞ்சிறு பெட்டிகள் உள்ளன. 'தின் கிளையன்ட்' என்பார்கள். நாங்கள் செய்யும் வேலையெல்லாம் மூலையிலுள்ள சர்வரில்தான் நடக்கும். பெட்டி அதைத் திரையில் காட்டும், அவ்வளவே. சர்வர் மேசையில் அமர்ந்தபடியே எந்தப் பெட்டியையும் அணைக்கலாம், மறுபடி துவக்கலாம். அந்த மேசையில் உதவி செய்யச் சிஸ்டர் என்னை நியமித்தபோது எனக்குப் பெருமை தாளவில்லை.

அணைந்த பெட்டியை எழுப்பும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். மின்சாரம் இருக்கும்வரை அதன் நெட்வொர்க் அட்டை மட்டும் விழித்திருக்கும். அதற்கு 102 பைட் அளவில் ஒரு சிறு செய்தி போகும். அதில் அப்பெட்டியின் முகவரி 16 முறை வரும். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் திரும்பத் திரும்ப அழைத்தது என் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் 17-ஆம் எண் பெட்டி அசையாமல் நின்றுவிட்டது. பட்டியலைச் சரியாகப் பாராமல் மறுதுவக்கப் பொத்தானை அழுத்தினேன். முப்பது எண்களும் தேர்வாகியிருந்தன! மற்ற இருபத்தொன்பது திரைகளும் ஒரே நொடியில் இருண்டன. "கரண்ட் போயிடுச்சு!" என்று கூச்சல். மின்விசிறியோ சுழன்றுகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "என் கட்டுரை போச்சே, அக்கா!" என்று விம்மினாள்.

நான் வாய் திறவாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்த விம்மலைக் கேட்டபின் முடியவில்லை. "சிஸ்டர், நான்தான் தவறாக அழுத்திவிட்டேன்" என்றேன்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. பெட்டிகள் துவங்கியதும் எல்லாரையும் மீண்டும் கடவுச்சொல் இடச் சொன்னார். சிறுமியின் கட்டுரை விட்ட வரியிலேயே நின்றது! பெட்டி அணைந்தாலும் வேலை சர்வரில் கலையாமல் காத்திருக்கும்படி அவர் முன்பே அமைத்திருந்தார்.

17 மட்டும் அசையவில்லை. நின்றுபோன பெட்டிக்குக் கட்டளை காதில் விழாது. எழுப்பும் செய்தியும் அணைந்த பெட்டிக்கே உதவும். தொலைவிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தும் கருவிகள் உண்டு, எங்களிடம் இல்லை. சிஸ்டர் நடந்து சென்று பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்துவரை எண்ணி, மீண்டும் செருகினார். திரை ஒளிர்ந்தது.

"சிலவற்றை இருந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாம், மகளே. சிலவற்றுக்கு நாமே எழுந்து போகவேண்டும்" என்றார்.

இப்போதெல்லாம் பட்டியலை இருமுறை படித்த பின்பே பொத்தானைத் தொடுகிறேன். அன்று மாலை, தோழியரே, நானும் எழுந்து ஆறாம் வகுப்புக்குப் போனேன். அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.